பச்சை மூடிச் சொட்டு

நஞ்சம்மாவின் எதிரில் உட்கார்ந்து வாயைத் திறந்தவர்கள் யாரும் சும்மா எழுந்து போனதில்லை. "ஆ சொல்லு" என்பாள். செல்போன் விளக்கைத் தொண்டைக்குள் அடிப்பாள். நாக்கை மேலே தூக்கு, பக்கத்தில் தள்ளு என்பாள். அப்புறம் தீர்ப்பு. உள்நாக்குக்கு இரண்டு பக்கமும் வெள்ளைப் பொட்டு இருந்தால் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிப்பதோடு நிற்காதே, ஆஸ்பத்திரிக்குப் போ. காதில் வாடையோடு ஒழுகினால் எண்ணெய் காய்ச்சி ஊற்றாதே. உதட்டோரம் வெடித்திருந்தால் கீரை தின்னு. படிப்பு ஐந்தாவதோடு நின்றது. ஆனால் பாகலூர் ரோட்டில் ஒரே ரோஜாத் தோட்டத்தில் பதினைந்து வருஷம் இருபது பெண்களோடு வேலை செய்தால், இருக்கிற வியாதியெல்லாம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து டீ குடிக்கும். பார்க்கத் தெரிந்தவள் பார்த்து வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

ஒருமுறை சரஸ்வதியின் கன்னத்து உட்பக்கம் சுண்ணாம்பு பூசியது போல் ஒரு வெள்ளைத் திட்டைப் பார்த்துவிட்டு, "புகையிலைய அங்கதான அடக்குற? நாளைக்கு வேலைக்கு வராத, ஆஸ்பத்திரிக்குப் போ" என்று விரட்டினாள். போன இடத்தில், நல்ல நேரத்தில் வந்தாய் என்றார்கள். அன்றிலிருந்து அவளுக்கு டாக்டரம்மா என்று பெயர். கேலியாகத்தான் வைத்தார்கள். ஆனால் கேலிக்குள் மரியாதை இருந்தது அவளுக்கும் தெரியும், மனசுக்குள் பிடித்தும் இருந்தது.

இப்பேர்ப்பட்டவளுக்குத்தான் தன் கண்ணில் நடந்தது ஏழு வருஷமாகத் தெரியவில்லை. அதைக்கூட விதி என்று விட்டுவிடலாம். மகள் கண்ணில் நடந்ததை என்னவென்று சொல்வது?

ரோஜாத் தோட்டம் என்றதும் வேலியும் வெயிலுமாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பிளாஸ்டிக் கூரை போட்ட பெரிய கொட்டகை. பாலி ஹவுஸ் என்பார்கள். உள்ளே ரயில் தண்டவாளம் மாதிரி நீள நீளமான பாத்திகள். நடைபாதையில் நடந்துகொண்டே இடது பாத்தியிலும் வலது பாத்தியிலும் மொட்டுகளை வெட்ட வேண்டும். விரியுமுன் வெட்ட வேண்டும் என்பதுதான் வேலையே. காலையில் விட்ட மொட்டு மத்தியானத்துக்குள் வாயைப் பிளந்துவிடும். பிளந்தது பெங்களூரு வண்டியில் ஏறாது.

வாரத்துக்கு இரண்டு நாள் பூச்சிமருந்து அடிப்பார்கள். இத்தனை மணி நேரம் உள்ளே போகக் கூடாது என்று கதவில் ஓர் அட்டை தொங்கும், இங்கிலீஷில். வெளிநாட்டு ஆடிட்காரர்கள் வந்து அதைப் படித்துத் திருப்தியோடு போவார்கள். அதற்குக் கீழே குனிந்து பெண்கள் உள்ளே போவார்கள். மருந்தடித்த மறுநாள் காலையில் எல்லாக் கண்ணும் மிளகாய் அரைத்த கை பட்டது மாதிரி எரியும்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அப்படி எரிந்த கண்ணோடு, இடது கண்ணில் இலைத்தூசியும் அடித்து, நஞ்சம்மா ஓசூரில் ஒரு கண் டாக்டரிடம் போனாள். அவர் சீட்டு எழுதினார். தெருமுனை மருந்துக்கடை மாதேஸ்வரன் சீட்டைப் பார்த்து, பச்சை மூடி போட்ட சின்னப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். ஒரு சொட்டு விட்டாள். ஒரு மணி நேரத்தில் எரிச்சல் போயிற்று, சிவப்புப் போயிற்று, கண்ணாடியில் பார்த்தால் கல்யாணப் பெண்ணின் கண் மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. இப்படியொரு மருந்து இருப்பது தெரியாமல் இத்தனை நாள் கசக்கிக்கொண்டு இருந்தோமே என்று அவளுக்கு ஆற்றாமையே வந்துவிட்டது.

சீட்டு வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது. அடுத்த முறை காலிப் பாட்டிலைக் காட்டினாலே போதுமாக இருந்தது. மாதேஸ்வரன் தமிழில் கேட்டவருக்குத் தமிழிலும், கன்னடத்தில் கேட்டவருக்குக் கன்னடத்திலும், தெலுங்கில் கேட்டவருக்குத் தெலுங்கிலும் சிரித்துக்கொண்டே கேட்டதைக் கொடுப்பார். எத்தனை நாள் போடுகிறாய் என்பதை மட்டும் எந்த மொழியிலும் கேட்டதில்லை.

பச்சை மூடி தோட்டத்துக்குள்ளும் வந்தது. காலை டீ நேரத்தில் ஏழெட்டுப் பேர் தண்ணீர்த் தொட்டி ஓரமாக வரிசையாக உட்கார்ந்து முகத்தை மேலே தூக்கிக் காத்திருப்பார்கள். நஞ்சம்மா வருவாள். கீழ் இமையைப் பெருவிரலால் இழுத்து, பாட்டில் முனை படாமல், ஒரு சொட்டு. கன்னத்தில் வழியாது, வீணாகாது. அவளுக்குக் கை ராசி என்றார்கள். தனக்கு விட்டுக்கொள்ளும்போது இடது கண் கொஞ்சம் கூடுதலாகச் சிவப்பதால் அதற்கு மட்டும் இரண்டு சொட்டு.

வீட்டில் காவியா. எட்டு வயதில் அவளுக்குக் கண் அரிப்பு வந்தது. காற்றடி காலம் வந்தால் போதும், வெயிலைப் பார்க்க முடியாமல் முகத்தைச் சுளிப்பாள். கசக்கிக் கசக்கி, கண்ணில் நூல் நூலாகப் பீளை இழுக்கும். மெட்ராஸ் ஐ என்று பள்ளிக்கூடத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "மெட்ராஸ் ஐயும் இல்ல, ஒண்ணும் இல்ல. அதுன்னா அஞ்சாறு நாளுல போயிடும், பக்கத்துல இருக்கறவங்களுக்கும் ஒட்டும். இது அலர்ஜி" என்றாள் நஞ்சம்மா. கண்டுபிடித்தது சரிதான். பெரிய டாக்டர் வந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். கண்டுபிடித்த கையோடு பச்சை மூடியைத் திறந்தாள்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் காவியா அம்மா மடியில் தலையை வைத்துக் கண்ணை அகலத் திறந்துகொள்வாள். மற்றப் பிள்ளைகள் கையைத் தட்டிவிடும், உதைக்கும், அழும். காவியா இமைக்கக்கூட மாட்டாள். "எம்புள்ள மாதிரி யாரும் கண்ணக் காட்ட மாட்டாங்க" என்று நஞ்சம்மா தோட்டத்தில் பெருமையாகச் சொல்வாள். இப்போது காவியாவுக்குப் பதினான்கு வயது. நடுவில் ஆறு காற்றடி காலம் போயிருந்தது. காற்றடிக்காத காலத்திலும், எதற்கும் இருக்கட்டும் என்று விட்ட சொட்டுகள் தனி.

இந்த ஆடி மாசம் தோட்டத்தில் சண்டை வந்தது. நஞ்சம்மா காலையில் வெட்டும் பாத்திகளை மத்தியானம் செல்லி வெட்டுவாள். இடது பாத்தியில் தினமும் பத்துப் பதினைந்து பூ விரிந்து கிடந்தது. சூப்பர்வைசர் சுரேந்தர் இருவரையும் நிற்க வைத்துக் கேட்டான்.

"காலையில நான் ஒரு மொட்டு உடலீங்க சார். நேத்து மத்தியானம் இவ உட்டது அது" என்றாள் நஞ்சம்மா.

"நான் வர்றப்பவே விரிஞ்சி நிக்குதுக்கா. கண்ணு முன்னாடி நிக்கறத நீ எப்பிடி உட்டன்னு எனக்கே தெரியல, உனக்குத் தெரிஞ்சா சொல்லு" என்றாள் செல்லி.

"என் கண்ணப் பத்திப் பேசறியா? ஊருக்கே கண்ணு பாக்கறவடி நான்!"

அதோடு பேச்சு நின்றது. மூன்று வாரம் செல்லி டீ நேரத்தில் தனியாகப் போய் உட்கார்ந்தாள், கண் எரிந்தாலும் பச்சை மூடிக்கு வரவில்லை. நஞ்சம்மா மறுநாளிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். ஆனாலும் பூ விரிந்தது. செல்லி வேண்டுமென்றே செய்கிறாள் என்று முடிவுகட்டினாள். மூன்றாவது வாரம் ரோட்டைத் தாண்டும்போது இடது பக்கமாக வந்த கம்பெனி பஸ் கிறீச்சென்று நின்றது. டிரைவர் கன்னடத்தில் திட்டியதில் பாதி புரிந்தது. பஸ் எங்கிருந்து வந்தது என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை.

அந்த வாரமே தோட்டத்துக்குக் கண் பரிசோதனை வண்டி வந்தது, வருஷா வருஷம் நடக்கிற ஆடிட்டுக்காக. கண்ணுக்குள் அழுத்தம் பார்க்கிற பெண் நஞ்சம்மாவுக்கு மட்டும் இரண்டு முறை பார்த்தாள். ஒரு சீட்டைக் கொடுத்து, "நாளைக்கே கிருஷ்ணகிரி போயிடுங்கம்மா" என்றாள்.

கிருஷ்ணகிரி கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் சுசித்ரா எதிரே உட்கார்ந்தார். "வலது கண்ண மூடிக்கோங்க. என் மூக்க மட்டும் பாருங்க. பக்கத்துல விரல் தெரிஞ்சதும் சொல்லுங்க."

நஞ்சம்மா மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலைக் காணோம். டாக்டர் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்தாள். சட்டென்று மூக்குக்கு முன்னாலேயே விரல் முளைத்தது.

"என்ன மருந்து போடறீங்க கண்ணுக்கு?"

அந்த நிலையிலும் அவளுக்கு ஒரு சின்னப் பெருமை. சுருக்குப் பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தாள். டாக்டர் அதைக் கையில் எடுத்துப் பெயரைப் படித்தார்.

"இது ஸ்டீராய்டும்மா. நல்ல மருந்துதான், பத்து நாளைக்கு. மாசக்கணக்குல போட்டா சிலருக்குக் கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறும். வலிக்காது, சிவக்காது. நரம்பு ஓரத்துலருந்து கொஞ்சம் கொஞ்சமாச் செத்துக்கிட்டே வரும். நடுவுல பார்வை இருக்கறதால தெரியாது. உங்க இடது கண்ணுல ஓரமே இல்ல. வலதுலயும் ஆரம்பிச்சிருக்கு."

"திரும்ப வருங்களா?"

"போனது வராதும்மா. இருக்கறதக் காப்பாத்தலாம்." டாக்டர் எழுத ஆரம்பித்தவர் நிமிர்ந்தார். "இந்த மருந்த வீட்டுல வேற யாராச்சும் போடறாங்களா? சின்னப் பசங்க?"

நஞ்சம்மாவின் வாயில் காவியா என்ற பெயர் வந்துவிட்டது. வந்த பெயரை விழுங்கினாள்.

"இல்லீங்க."

ஏன் அப்படிச் சொன்னாள்? பிறகு எத்தனையோ முறை தன்னையே கேட்டுக்கொண்டாள். பயந்தாள் என்பது ஒரு பதில். சொல்லாதவரை அது நடக்காதது போல இருந்தது என்பது இன்னொன்று. ஊர் வாயெல்லாம் திறந்து பார்த்தவள் தன் வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தாள். பஸ் சூளகிரியில் நின்றபோது இறங்கித் திரும்ப டாக்டரிடமே போய்ச் சொல்லிவிடலாம் என்று கம்பியைப் பிடித்து எழுந்தாள். பூக்கூடையோடு ஒரு கிழவர் ஏறினார். பஸ் நகர்ந்தது. உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து பழைய சீட்டை எடுத்தாள். மடிப்பில் கிழிந்திருந்தது. காவியாவிடம் நீட்டினாள்.

"இதுல இன்னா எழுதியிருக்குது, படி."

"மருந்து பேரு. ஒரு நாளைக்கு மூணு வேள. டென் டேஸ் ஒன்லி. பத்து நாளைக்கு மட்டும்னு போட்டிருக்குதும்மா. அடியில கோடு வேற போட்டிருக்காங்க. அப்பறம் வந்து காட்டணுமாம்." காவியா சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். "இது யாருக்கும்மா?"

தோட்டத்திலிருந்து முந்தின நாள் கொண்டுவந்த ரோஜா மொட்டு ஒன்று டம்ளரில் இருந்தது. நஞ்சம்மா அதை எடுத்துக்கொண்டு மகளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒரு கண்ணப் பொத்திக்கோ. எம்மூக்கப் பாரு. மொட்டு தெரிஞ்சதும் சொல்லு."

காவியாவுக்குச் சிரிப்பு. விளையாட்டு என்று நினைத்தாள். வலது கண்ணில் எல்லாப் பக்கமும் உடனே சொன்னாள். இடது கண்ணில் காதுப் பக்கம் சொன்னாள், கீழே சொன்னாள். மூக்குப் பக்கமிருந்து கொண்டுவந்தபோது மட்டும் சொல்லவில்லை. மொட்டு நகர்ந்தது. மொட்டு ஏறக்குறைய முகத்துக்கு நேரே வந்த பிறகு, "ஆங், இப்போ" என்றாள்.

"சரியாப் பாரு கண்ணு."

"சரியாத்தாம்மா பாக்கறன். எங்கருந்து திடீர்னு கொண்டாந்த?"

ஒருவேளை எல்லாருக்குமே அந்தப் பக்கம் அப்படித்தானோ? ஷிப்ட் முடிந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்ற கணவன் வெங்கடப்பனை இழுத்து உட்கார வைத்தாள். கையைத் தூக்கியதுமே, "அதோ தெரியுதே. இன்னாடி இது, வந்ததும் வராததுமா?" என்றான் அவன். போன மாசம் பள்ளிக்கூடத்தில் பந்து மூஞ்சியில் பட்டு உதடு வீங்கி வந்தாளே காவியா, "எங்கயோ பராக்குப் பாத்துக்கினு நின்னிருப்ப" என்று தான் சிரித்ததும் நஞ்சம்மாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மொட்டைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் மூன்று பேரும் கிருஷ்ணகிரிக்குப் போனார்கள். டாக்டர் சுசித்ரா காவியாவை மெஷினுக்கு முன்னால் உட்கார வைத்து அரை மணி நேரம் பார்த்தார். இடது கண் நரம்பில் மூன்றில் ஒரு பங்கு போயிருந்தது. வலது கண்ணில் அழுத்தம் மட்டும் ஏறியிருந்தது, நரம்பு தப்பித்திருந்தது. தினமும் வேறு சொட்டு மருந்து போட வேண்டும், எத்தனை வருஷம் என்று சொல்ல முடியாது. அழுத்தம் இறங்காவிட்டால் ஆபரேஷன். அரிப்புக்கு வேறு மருந்து இருக்கிறது, பயமில்லாதது, அதை அன்றே எழுதியிருப்பார்கள், கேட்டிருந்தால்.

"நேத்து நான் கேட்டேனேம்மா?" என்றார் டாக்டர். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

காவியா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு கண்ணைப் பொத்தி வெளியே பார்த்தாள், பிறகு இன்னொரு கண்ணைப் பொத்திப் பார்த்தாள். ஓசூர் வரும்வரை அதையே செய்தாள். வெங்கடப்பன், "நீ இன்னா வேணும்னா பண்ண" என்று மெதுவாகச் சொன்னான். நஞ்சம்மாவுக்கு அது ஆறுதலாக இல்லை. வேண்டுமென்று செய்தவர்களுக்காவது நிறுத்த ஒரு நாள் வந்திருக்கும்.

அடுத்த நாள் டீ நேரத்தில் தொட்டி ஓரம் பெண்கள் வரிசையாக முகத்தைத் தூக்கி உட்கார்ந்திருந்தார்கள். முந்தின நாள்தான் மருந்தடித்திருந்தது. நஞ்சம்மா பாட்டில் இல்லாமல் வந்து நின்றாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். காவியாவைச் சொல்லும்போது பாதியில் நிறுத்தினாள். திரும்பவும் முதலிலிருந்து சொன்னாள்.

தூக்கிய முகங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. ஒருத்தி, "நீதானக்கா உட்ட எங்களுக்கு" என்றாள். "நான்தான்" என்றாள் நஞ்சம்மா. "அதான் சொல்றன். எல்லாரும் போய்க் காட்டுங்க. ஒண்ணுமில்லன்னா என்னைத் திட்டிட்டு வாங்க. இருந்துச்சின்னாலும் திட்டுங்க. ஆனாப் போங்க."

"அப்ப இந்தக் கண்ணு எரியறதுக்கு இன்னா பண்றது?" என்று சரஸ்வதி கேட்டாள். எழுந்து போய்க் கதவில் தொங்கிய அட்டையை நிமிர்ந்து பார்த்தாள். அதைப் படிக்க அங்கே யாரும் இல்லை. சுரேந்தர் வந்து, டீ நேரம் முடிந்தது என்றான்.

பாத்தியில் செல்லி வந்து நஞ்சம்மாவின் இடது பக்கமாக நின்றாள். அவள் நிற்பதே நஞ்சம்மாவுக்குத் தெரியவில்லை. செல்லி சுற்றி வந்து வலது பக்கம் நின்றாள். "இனிமே இடது பாத்திய நானே பாத்துக்கறன்" என்றாள். நஞ்சம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் காவியா பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையை வைத்துவிட்டுப் புது மருந்தை எடுத்தாள். இதற்கு வெள்ளை மூடி. பெட்டியில் எழுதியிருந்ததை முழுக்கப் படித்தாள். டாக்டர் சீட்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தாள். தானே விட்டுக்கொள்ளப் பார்த்தாள். இரண்டு சொட்டும் கன்னத்தில் வழிந்தன.

பாட்டிலை அம்மாவிடம் நீட்டினாள். வழக்கம் போல மடியில் தலையை வைத்தாள்.

நஞ்சம்மா மூடியைத் திறந்து, தலையைச் சாய்த்து, இடது கண்ணை விலக்கி வலது கண்ணால் மகளின் முகத்தைப் பார்த்தாள். பெருவிரலைக் கீழ் இமையில் வைத்தாள். காவியாவின் இரண்டு கண்களும் இறுக மூடிக்கொண்டன. நெற்றி சுருங்கியது.

"தொற கண்ணு."

காவியா முயற்சி செய்தாள். இமை துடித்தது, திறக்கவில்லை. ஆறு வருஷத்தில் ஒருநாள்கூட இமைக்காத பிள்ளை.

"தொறக்கத்தாம்மா பாக்கறன்" என்றாள், கண்ணை மூடியபடியே. "அதுவா மூடிக்குது."

நஞ்சம்மா பாட்டிலைப் பிடித்தபடி காத்திருந்தாள்.